ஹேண்ட்பால் காயத்தடுப்பு: செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

உடற்கல்விப் பட்டத்திலோ பயிற்சியாளர் டிப்ளமோவிலோ ஹேண்ட்பாலைச் சிறப்பு விளையாட்டாக எடுத்தவர்கள் காயத்தடுப்புத் தியரியில் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். மார்க் போவது செய்முறையிலும் வைவா என்ற வாய்மொழித் தேர்விலும்தான். பயிற்சிகளின் பெயரைக் கடகடவென்று சொல்வார்கள். எதிரில் ஒரு வீராங்கனை ஜம்ப் ஷாட் (குதித்து, காற்றில் இருந்தபடி கோலுக்கு எறிவது) அடித்து இறங்கும்போது, 'இப்போது என்ன தவறு நடந்தது?' என்று கேட்டால் வாய் அடைத்துவிடும். அதனால் படிப்பை முட்டியிலிருந்து தொடங்குங்கள்.

முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். நார் அறுவது பெரும்பாலும் யாரும் மோதாமலேயே நடக்கிறது. இரண்டு தருணங்களை மனதில் பதியுங்கள். ஒன்று, எதிராளியை ஏமாற்ற ஃபெயின்ட் போட்டு, காலை ஊன்றி, சட்டென்று திசை மாறுவது. மற்றொன்று, ஜம்ப் ஷாட்டுக்குப் பிறகு ஒற்றைக் காலில் இறங்குவது. இரண்டிலும் பாதம் தரையில் பிடித்துக்கொள்கிறது, முட்டி ஏறக்குறைய நேராக நிற்கிறது, அந்த நிலையிலேயே உள்பக்கம் சாய்ந்து திருகுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை முழுமை. 'முட்டி திருகியது' என்று மட்டும் எழுதினால் பாதி மார்க்கே கிடைக்கும்.

இதற்கான பயிற்சியை உருவாக்கிச் சோதித்ததில் நார்வேக்குத் தனி இடம் உண்டு. அங்கே நடந்த இரண்டு ஆய்வுகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1998 முதல் 2001 வரை மூன்று சீசன் நடந்தது பெண்கள் லீக் அணிகளில். அது ஏ.சி.எல். காயத்தை மட்டும் கணக்கெடுத்தது. 2005-இல் வெளியானது 15 முதல் 17 வயதினர் மீது நடந்தது: 120 கிளப்புகள், 1837 ஆட்டக்காரர்கள். பயிற்சி செய்யாத குழுவில் முட்டி, கணுக்கால் திடீர்க் காயங்கள் 81, செய்த குழுவில் 48. முதல் ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முதல் சீசன் பயிற்சி இல்லாமல் ஒப்பிடுவதற்காக வைக்கப்பட்டது; சொன்னபடி பயிற்சியை முடித்த அணிகள் பயிற்சி தந்த முதல் ஆண்டில் 26 சதவீதம், அடுத்த ஆண்டில் 29 சதவீதம் மட்டுமே. செய்யாத பயிற்சி யாரையும் காப்பாற்றாது. 'இதை அணி தொடர்ந்து செய்ய என்ன வழி?' என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கட்டும். தனி நேரம் ஒதுக்காமல் வார்ம்-அப்பாகவே வைப்பதுதான் சரியான பதில்.

2005 திட்டத்தின் அளவு: ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். சீசன் தொடக்கத்தில் தொடர்ந்து 15 பயிற்சி நாட்கள், பிறகு வாரம் ஒரு முறை. ஓட்டம், நுட்பம், சமநிலை, வலிமை என்று நான்கு பகுதி.

நுட்பப் பகுதியில்தான் நீங்கள் நிறைய உழைக்க வேண்டும். 9 மீட்டர் கோட்டருகே ஜம்ப் ஷாட் அடிக்கச் சொல்லி, இரண்டு காலிலும் இறங்கப் பழக்குங்கள். இடுப்பும் முட்டியும் மடங்கியிருக்க வேண்டும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அவருக்கு நேர் எதிரே. பக்கவாட்டில் நின்றால் மடக்கம் தெரியும், உள்சாய்வு தெரியாது. முட்டிச்சில்லு பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். காதையும் கொடுங்கள்: 'தட்' என்று சத்தம் வந்தால் கால் விறைப்பாக இறங்கியிருக்கிறது. போனில் ஸ்லோ மோஷன் எடுத்துக் காட்டினால் ஆட்டக்காரருக்கே புரிந்துவிடும். ஃபெயின்டில், ஊன்றும் காலை உடம்பை விட்டு வெகுதூரம் வீசவிடாதீர்கள். கால் அகல அகல முட்டி உள்ளே விழும்.

சமநிலைக்கு மேட் அல்லது பேலன்ஸ் போர்டில் ஒற்றைக் காலில் நின்று, ஜோடிக்கு ஒரு கையால் பாஸ். பழகிய பிறகு ஒருவரையொருவர் லேசாகத் தள்ளிப் பார்க்கலாம்.

வலிமைப் பகுதியில் வரும் நோர்டிக் ஹாம்ஸ்ட்ரிங்கில் (தொடையின் பின்பக்கத் தசைக்கான பயிற்சி) ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது: முதல் நாளே மூன்று செட் கொடுப்பது. தொடையின் பின்பக்கம் மூன்று நாள் வலிக்கும், நான்காம் நாள் யாரும் செய்ய மாட்டார்கள். முதல் வாரம் ஒரே நாள், 5 தடவை, 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 தடவை, 2 செட். மூன்றாம் வாரத்திலிருந்துதான் மூன்று செட். மண்டியிட்டவரின் கணுக்காலை ஜோடி அழுத்திப் பிடிக்க, முட்டியிலிருந்து தோள் வரை ஒரே கோடாக மெதுவாக முன்னால் சரிய வேண்டும். இடுப்பு மடங்கினால் பயன் போய்விடும்.

தோளுக்கு வாரம் மூன்று முறை, பத்து நிமிடம். இதுவும் நார்வேயில் 45 அணிகளில் சோதிக்கப்பட்டு, தோள் பிரச்சினை ஏற்படும் ஆபத்து 28 சதவீதம் குறைந்தது. ரப்பர் பேண்டில் தோளை வெளிப்பக்கம் சுழற்றுவது, தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளுக்கு வேலை, தோளின் பின்பக்க நீட்சி, நடுமுதுகுச் சுழற்சி ஆகியவை முக்கியம். பெஞ்ச் பிரஸ்ஸை (படுத்தபடி மார்புக்கு மேலே எடை தூக்குவது) தோள் காயத்தடுப்பு என்று எழுதிவிடாதீர்கள். எறியும் கைக்கு முன்பக்க பலம் ஏற்கனவே இருக்கிறது. எறிந்த கையை நிறுத்த வேண்டிய பின்பக்கம்தான் பின்தங்குகிறது.

பயிற்சிச் சுமைக் கணக்கு கட்டாயம் போட்டுப் பாருங்கள். டென்மார்க் இளையோர் ஆய்வில், முந்தைய 4 வாரச் சராசரியை விட ஒரு வாரச் சுமை 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தபோது தோள் காயம் கூடியது. நான்கு வாரம் 6, 7, 5, 6 மணி நேரம் என்றால் சராசரி 6. போட்டிக்கு முன் கேம்ப் போட்டு 10 மணி நேரம் ஆடவிட்டால் உயர்வு 67 சதவீதம். பேண்ட் பயிற்சியில் பலவீனமாகத் தெரிந்தவருக்கு 20 சதவீத உயர்விலிருந்தே, அதாவது 7 மணி 12 நிமிடத்திலிருந்தே, எறிதல் எண்ணிக்கையைக் கவனியுங்கள்.

விரல் சுளுக்குக்குப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போடுவது போதுமான விடை. வீக்கம் இருந்தால் மோதிரத்தை முதலில் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

'பத்தே நிமிடம் இருந்தால் எதை விடுவீர்கள்?' என்பது வைவாவில் கேட்கக்கூடிய நல்ல கேள்வி. ஓட்டத்தைச் சுருக்கலாம், சமநிலையைப் பாஸ் பயிற்சியோடு சேர்க்கலாம். இறங்கும் நுட்பத்துக்கு ஐந்து நிமிடத்தையும், நோர்டிக்குக்கு மூன்று நிமிடத்தையும் தொடவே வேண்டாம்.