மார்ச் 31 கணக்கு

மார்ச் 31 அன்று காலையில் எங்கள் பூங்காவில் தீனி வண்டி தாமதமாகத்தான் கிளம்பும். முதலில் தலை எண்ண வேண்டும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான வருடத்தில் எத்தனை இருந்தது, எத்தனை பிறந்தது, எத்தனை வந்தது, எத்தனை செத்தது, எத்தனையை வேறு பூங்காவுக்குக் கொடுத்தோம், மிச்சம் எத்தனை என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்குக் கணக்கு போகும். அந்தக் கணக்கில் ஒன்பது வருடம் கையெழுத்துப் போட்டவள் நான். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஒரு சின்ன உயிரியல் பூங்கா. விலங்கு, செடி இரண்டுக்கும் சேகரிப்புப் பொறுப்பாளர் என்று எனக்குப் பதவி.

அந்தக் கணக்கில் ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று எண் எழுதுவோம். 14:22:5 என்றால் ஆண் பதினான்கு, பெண் இருபத்திரண்டு, பால் தெரியாதவை ஐந்து. சேர்ந்த புதிதில் நான் மொத்தத்தைத்தான் பார்ப்பேன். மொத்தம் 41, போன வருடம் 38, பரவாயில்லை, பெருகியிருக்கிறது என்று நினைப்பேன். பிற்பாடுதான் மூன்றாவது எண்ணைப் பார்க்கப் பழகினேன். புள்ளிமான் குட்டி பிறந்து நாலு நாள் என்றால் அந்த ஐந்தில் நியாயம் இருக்கிறது. நட்சத்திர ஆமை சின்னதாக இருந்தாலும் சரி, அடிஓடு குழிந்திருக்கிறதா, வால் நீளமா என்று தெரிய வருடங்கள் ஆகும், பொறுக்கலாம். ஆனால் வளர்ந்த முதலைகளுக்கு எதிரே வருடக்கணக்காக அந்த எண் மாறாமல் நின்றால், யாரும் அவற்றைப் பிடித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். முதலையின் பாலினம் வெளியே தெரியாது. பிடித்து, வாயைக் கட்டி, புரட்டிப் போட்டு, கழிவுத் துவாரத்தில் விரல் விட்டுத்தான் சொல்ல முடியும். நான் சேர்ந்தபோது எங்கள் குளத்தில் 0:0:11 என்று இருந்தது. பதினொரு முதலையில் ஒன்றைக்கூட எங்களுக்குத் தெரியாது என்பதை நாங்களே வருடா வருடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்!

இரண்டு குளிர்காலம் ஆயிற்று அதைச் சரிசெய்ய. குளிரில் முதலை மந்தமாக இருக்கும், பிடிக்கத் தோதான காலம். வாலின் மேல் வரிசையாக நிற்கும் செதிலில் இன்னதை வெட்டினால் இன்ன எண் என்று ஒரு முறை உண்டு. அப்படி ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வைத்தோம். 4:7:0. அந்தப் பூஜ்யத்தை எழுதிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்கு நடுவே ஒரு மே மாதம் அரளி விஷயம் நடந்தது.

பூங்காவில் செடிகளுக்கு ஒரு பதிவேடு, விலங்குகளுக்கு ஒரு பதிவேடு. இரண்டும் வேறு வேறு அலமாரியில் இருந்தன. செடிப் பதிவேட்டில் மான் அடைப்பின் மேற்கு வேலியோரம் செவ்வரளி, இத்தனை, நட்ட தேதி என்று எழுதியிருந்தது. தண்ணீர் கேட்காத செடி, வெயிலில் பூக்கும். நெடுஞ்சாலை நடுவிலெல்லாம் அதைத்தானே நட்டிருக்கிறார்கள். அந்த வருடம் வளர்ந்து கிடந்ததைக் கவாத்து செய்ய நான்தான் எழுதிக் கொடுத்தேன். வெட்டிய கிளைகளை வேலிக்கு இந்தப் பக்கம் குவித்திருந்தார்கள். மறுநாள் காற்று. வேலிக்கு அந்தப் பக்கம் உதிர்ந்து விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. மே மாதத்தில் புல் இருக்காது. பச்சை அரளியை மான் கசப்புக்கு ஒதுக்கும். காய்ந்த இலையில் கசப்பு மட்டுப்பட்டுவிடும், விஷம் அப்படியே இருக்கும். அது நெஞ்சைப் பிடிக்கிற விஷம்.

விடிந்தபோது இரண்டு பெண்மான்கள் தொட்டி ஓரமாகக் கிடந்தன. ஒன்று சினை. பிரேதப் பரிசோதனையில் டாக்டர் இரைப்பையிலிருந்து ஒரு இலைத்துண்டைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விரல் நீளம் இருக்கும். நடுநரம்பு மட்டும் தடிப்பாக, வெளுத்துத் தெரிந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அரளி எங்கே நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும், மான் எங்கே மேய்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு புத்தகத்திலும் என் கையெழுத்துதான். ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே இரண்டு பதிவேட்டையும் ஒன்றாக்கினேன். ஒவ்வொரு மரத்துக்கும் அலுமினியத் தகட்டில் எண் அடித்தோம். பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி: எந்த அடைப்பிலிருந்து எத்தனை அடி, எந்த விலங்கு தின்னும், எதற்கு ஆகாது. அரளி முழுவதையும் வேரோடு எடுத்தோம். உண்ணிச்செடி மேய்கிற பிராணிகளின் ஈரலைக் கெடுக்கும், அதையும் எடுத்தோம். அது போகப் போக முளைக்கிற சாதி, ஒவ்வொரு மழைக்கும் பிடுங்கவேண்டும். தோட்டத்து ஆட்களும் விலங்குக் காப்பாளர்களும் அதுவரை தனித்தனியாகத்தான் டீ குடிப்பார்கள். அதற்கப்புறம் திங்கட்கிழமை காலையில் எல்லோரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து அந்த வாரம் எதை வெட்டுகிறோம், எதை நடுகிறோம் என்று பேச ஆரம்பித்தோம்.

அப்படி உட்கார்ந்தபோது வந்ததுதான் ஆச்சா மர யோசனை. நாற்றங்கால் அக்கா பென்னாகரம் பக்கத்துக்காரர். ஒகேனக்கல் போகிற மலைச்சரிவெல்லாம் ஆச்சா நிற்கும், பார்த்திருப்பீர்கள். பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு இரண்டாக இலை. ஊரில் ஆடு மாட்டுக்கு ஒடித்துப் போடுவார்கள். “புல் காயுற நேரத்துல அது துளுத்து நிக்கும் மேடம், மானுக்கு ஒடிச்சுப் போடலாமே” என்றார். நல்ல யோசனை. ஆனால் ஆச்சா எல்லா வருடமும் நிறைய காய்க்காது. காய்த்த வருடம் பார்த்து விதை பொறுக்க வேண்டும். முளைத்தபிறகும் பொறுமை வேண்டும். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு சாண் செடிதான் நின்றது. நான் சலித்துக்கொண்டேன். அக்கா ஒரு பையைக் கிழித்துக் காட்டினார். பையின் அடியைத் தொட்டு, வளைந்து, இன்னும் இடம் தேடிக்கொண்டிருந்தது ஆணிவேர். “மேல வளரலைன்னு பிடுங்கிப் போட்டுடாதீங்க. இது மொதல்ல கீழ போவும்” என்றார். நீளமான பை தைக்கச் சொல்லி வாங்கினோம். பதிவேட்டில் ஆச்சாவுக்கு எதிரே, தின்னும் விலங்கு என்ற இடத்தில் அக்கா தன் கையாலேயே ‘மான்’ என்று எழுதினார்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் இரண்டு மாவட்டத்துப் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்பது ஊருக்கே தெரியும். மஞ்சள் பற்களோடு வளர்ந்த தலைமுறை இது. மூட்டு இறுகி உட்கார எழ முடியாமல் போன பெரியவர்களையும் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தபிறகு மனிதர்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. மானுக்கு யார் கேட்பது? பல் உருவாகிற காலத்தில்தான் புளோரைடு பல்லைக் கெடுக்கும். அதனால் முதலில் குட்டிகளும் தாய்மான்களும் இருக்கும் அடைப்புக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீர் வேண்டும் என்று எழுதினேன். திரும்பத் திரும்ப எழுதினேன். கிடைத்தது.

சேகரிப்பு என்ற சொல்லைக் கேட்டால் சேர்ப்பது என்று தோன்றும். என் அனுபவத்தில் அதிக நாள் சேர்க்காமல் இருப்பதற்குத்தான் உழைத்தேன். கார்களில் கடத்திக்கொண்டு போகும்போது பிடிபட்ட நட்சத்திர ஆமைகள் மூட்டையாக வரும். அவை வழக்குச் சொத்து, எந்தக் காட்டிலிருந்து வந்தவை என்றும் தெரியாது, கண்ட இடத்தில் விடவும் முடியாது. அவற்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது, வாங்கித்தான் ஆகவேண்டும். அதற்கு இடம் இருக்கவேண்டுமானால் நாமாகப் பெருக்கக் கூடாது. மான்களில் கிடாக்களைத் தனி அடைப்பில் பிரித்தோம். பொதுமக்களுக்கு அது பிடிக்கவில்லை, குட்டி எங்கே குட்டி எங்கே என்று கேட்பார்கள்.

முதலைதான் எல்லாவற்றிலும் கஷ்டம். சதுப்பு முதலை அடைப்பில் நன்றாகவே பெருகும். வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை உயிர், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ளது, ஆனால் நாட்டில் பல பண்ணைகளில் வைக்க இடமில்லாத அளவு இருக்கிறது. பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது, 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம் என்று 686 சதுர கிலோமீட்டர் அறிவித்தும் ஆயிற்று, குட்டிகளை அங்கே விட்டால் என்ன என்று என் அம்மாகூட கேட்டார். குளத்தில் வளர்ந்த முதலைக்கு மனிதன் என்றால் தீனி வாளி. பரிசல் ஓட்டுகிறவரும் துணி துவைக்கிறவரும் உள்ள ஆற்றில் அதைக் கொண்டுபோய் விட எனக்கு மனம் வராது. ஆற்று முதலைகளுக்கு நம் குளத்து நோயைக் கொடுத்துவிடுவோமோ என்ற பயமும் உண்டு. அதனால் முட்டைகளைப் பொரிக்க விடுவதில்லை என்று முடிவெடுத்தோம். மேலிடத்து அனுமதி எழுத்தில் வந்தது.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலை. ஏழு எண் பெண்முதலை மணல்மேட்டில் குழி பறித்து மூடியிருந்தது. குளத்துக் காப்பாளர் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் மூங்கிலும் பலகையும் வைத்து அதைத் தள்ளி நிறுத்தினார்கள். நான் குழியில் கை விட்டேன். மேல்மணல் குளிர்ச்சி, முழங்கை ஆழத்தில் வெதுவெதுப்பு. இருபத்தாறு முட்டைகள். இட்ட மறுநாளே, கரு பிடித்த முட்டையின் ஓட்டில் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளைப் பட்டை விழும். இருபத்துமூன்றில் அந்தப் பட்டை இருந்தது. அண்ணன் ஒவ்வொன்றையும் இருந்த வாக்கிலேயே, புரட்டாமல் வாங்கி வைத்தார். பொரிக்க வைக்கிற முட்டையைத்தான் அப்படி வாங்குவார்கள், புரண்டால் கரு செத்துவிடும் என்பதற்காக. இவற்றுக்கு அது தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

“எழுதிடுங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

எந்தப் பத்தியில் எழுதுவது? பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. குறிப்பு என்ற பத்தியில் தேதி, நேரம், 26, அதில் கருவுற்றவை 23, அகற்றியவர் என்று போட்டு என் பெயரை எழுதினேன். காப்பாளர் பெயரை எழுதவில்லை. முடிவு என்னுடையது.

அதற்குப்பின் தினக்குறிப்பில் அண்ணன் எழுதியதெல்லாம் அந்த ஒரு முதலையைப் பற்றித்தான். ‘7 எண் குழி மேல் படுத்திருக்கிறது. தீனி எடுக்கவில்லை.’ மறுநாளும் அதே வரி. ஏப்ரல் முழுவதும் அதே வரி, அதே கையெழுத்து. சுருக்கமாக ‘மேற்படி’ என்று போடுங்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது, வேண்டாம், முழுசாகவே எழுதட்டும் என்றேன். முட்டை இருந்திருந்தால் பொரிக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். குட்டிகள் உள்ளேயிருந்து கத்தும், தாய் தோண்டி எடுத்து வாயில் கவ்வித் தண்ணீரில் விடும்.

அறுபத்தைந்தாம் நாள் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘7 எண் நேற்று இரவு குழியைத் தோண்டியிருக்கிறது. காலை 6.10 மணிக்குத் தண்ணீரில் இறங்கியது. ஜிலேபி மீன் இரண்டு எடுத்தது.’