சூரியனின் தேரில் கிறிஸ்து

வத்திக்கானில் பேதுரு பேராலயத்தின் தளத்துக்கு அடியில் பழைய ரோமானியக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒரு சிறிய கல்லறையின் கூரையில், பொன்னிறப் பின்னணியில் பச்சைத் திராட்சைக் கொடிகள் படர்ந்திருக்க, வெள்ளைக் குதிரைகள் இழுக்கும் தேரில், தலையைச் சுற்றிக் கதிர்கள் வீச ஒருவர் மேலேறிச் செல்லும் மொசைக் ஓவியம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் அவர் சூரியதேவன் என்றே தோன்றும். ஆனால் அதே கல்லறையின் சுவர்களில் கடல்விலங்கின் வாயில் விழும் யோனாவும் ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பரும் என விவிலியக் காட்சிகள் இருப்பதால், தேரில் இருப்பவர் கிறிஸ்து என்றே ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர். கிறிஸ்துமஸ் பண்டிகையின் வேர்களைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

டிசம்பர் பிறந்தாலே, இப்பண்டிகை பிற சமயத்தாரிடமிருந்து திருடப்பட்டது என்ற குரல் எழுகிறது. இது புதிய குற்றச்சாட்டு அன்று. இதே எண்ணத்துடன்தான் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் 1659இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தனர். அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேரரசர் அவுரேலியன் 274இல் ரோமில் சூரியனுக்குப் பெருங்கோயில் எழுப்பினார். 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ரோமானிய நாட்காட்டித் தொகுப்பில், டிசம்பர் 25 வெல்லப்படாதவனின், அதாவது சூரியதேவனின், பிறந்தநாளாகவும், அன்று 30 தேர்ப்பந்தயங்கள் நடப்பதாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. அதே தொகுப்பின் வேறொரு பட்டியலில் அதே நாள் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாளாகவும் இருக்கிறது. மறுபுறம், மார்ச் 25இல் கிறிஸ்து கருவானார் என்ற பழைய கணக்கிலிருந்து ஒன்பது மாதம் எண்ணியே இந்நாளை அடைந்தனர் என்ற விளக்கமும் வலுவானதே. ஆகவே திருட்டு என்ற ஒற்றைச் சொல்லால் இதை முடித்துவிடுவது நியாயமாகாது.

உண்மையில் அக்காலத் தலைவர்களே சூரிய வழிபாடு இப்படிக் கலந்ததை எண்ணி வருந்தியிருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் திருத்தந்தை பெரிய லியோ தம் கிறிஸ்துமஸ் மறையுரை ஒன்றில், பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறி வந்த கிறிஸ்தவர்கள், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று உதிக்கும் சூரியனைத் தலைகுனிந்து வணங்குவதைக் கண்டித்தார். அவர்களுள் சிலர் ஒளியைப் படைத்தவரையே வணங்குவதாக எண்ணியிருக்கலாம் என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும் அது கூடாது என்றார். அந்தப் படிகளில் திரும்பி நின்றவர்களை வஞ்சகர்கள் என்று கருத என் மனம் ஒப்பவில்லை. விவிலியத்தின் மலாக்கி நூலில் வரும் நீதியின் சூரியனைத் தங்கள் ஆண்டவராகக் கண்டவர்களுக்கு, விடியலை வணங்குவது இயல்பாகவே வந்திருக்கும்.

பின்வந்த திருத்தந்தை பெரிய கிரகோரி வேறு வழியை எடுத்தார். 601இல் மறைபரப்ப இங்கிலாந்துக்குச் சென்ற மெல்லிட்டு என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தில், சிலைகளை அழித்தாலும் அங்குள்ள பிற சமயக் கோயில்களை இடிக்க வேண்டாம், மக்கள் கிளைகளால் பந்தலிட்டு விருந்துண்ணட்டும், உயரத்தை அடைய விரும்புகிறவன் படிப்படியாகவே ஏறுகிறான் என்றார். அது கிறிஸ்துமஸைக் குறித்து எழுதப்பட்டதன்று; எனினும் லியோவின் கண்டிப்பைவிட இந்தப் பொறுமையே மக்களை அதிகம் அறிந்த பொறுமை என்பது என் எண்ணம்.

கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம் தேவை. அது நேரே பழைய மர வழிபாட்டின் எச்சம் என்பதற்குச் சான்று மெலிவானது. 1605ஐ ஒட்டிய ஸ்ட்ராஸ்பூர்க் நகரக் குறிப்பொன்று காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் மெல்லிய அப்பங்களும் தொங்கும் மரத்தைக் காட்டுகிறது. டிசம்பர் 24, ஆதாம் ஏவாளின் நாளில் நடந்த நாடகங்களின் ஏதேன் மரத்தையே அந்த ஆப்பிள்கள் நினைவூட்டுகின்றன.