பிரஷ் கட்டருக்குப் பெட்ரோல்: எது, எவ்வளவு, எதில்

உடுமலையைச் சுற்றி பிரஷ் கட்டர் இல்லாத தென்னந்தோப்பு இப்போது அபூர்வம். களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. அதனால் ஆளுக்கொரு மிஷின் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டோம். ஆடியில் ஒரு வெட்டு, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு வெட்டு. மாசியிலிருந்து வைகாசி வரை மிஷின் மூலையில் கிடக்கும். மழை விழுந்து கோரை முழங்கால் உயரம் வந்ததும் எடுத்துக் கயிற்றை இழுத்தால் கிளம்பாது. ஜூலையில் எந்த மெக்கானிக் கடை வாசலிலும் போய்ப் பாருங்கள், மிஷின்களை வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள்.

எங்கள் மெக்கானிக் பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். "ஏனுங்ணா, இந்தப் பெட்ரோல் எப்ப ஊத்துனது?" என்பதுதான் முதல் கேள்வி. நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். கெட்டுப்போனதில் வார்னிஷ் நெடி அடிக்கும். அப்புறம் கார்புரேட்டரைப் பிரித்துக் காட்டுவார். பெட்ரோல் வருகிற ஊசித்துளையான பித்தளை ஜெட்டைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருக்கும். பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற ரப்பர் சவ்வு, டயாஃப்ரம், விறைத்துப்போய் விரலால் தட்டினால் டக் டக் என்று சத்தம் கேட்கும். கோளாறு மிஷினில் இல்லை, கேனில் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சிதான்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 விற்பனைக்கு வந்தது. 2025-இல் பெட்ரோல் பங்குக்குப் போனால் கிடைப்பதே அதுதான் என்று ஆகிவிட்டது. கரும்பு மட்டுமில்லை, மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். மக்காச்சோளம் போடுகிற ஊர்க்காரனாக அதில் எனக்குச் சந்தோஷம், கோழிப் பண்ணைக்காரர்களுக்கு வருத்தம். அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம். மிஷின் வைத்திருக்கிறவனாகச் சொல்கிறேன்: பிரஷ் கட்டர், செயின் சா மேனுவல்களில் பெரும்பாலும் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் அச்சடித்திருக்கும். வாங்கும்போது கொடுத்த புத்தகத்தை யார் பிரித்துப் பார்த்தோம்?

எத்தனால் கூடினால் இரண்டு தொல்லை. ஒன்று, அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. புதுக் காரில் சென்சார் அதைக் கண்டுபிடித்துப் பெட்ரோல் அளவைக் கூட்டிக்கொள்ளும். நம் மிஷினில் இருப்பது ஊசிமுனை ஓட்டை ஒன்றுதான். அது எதையும் கண்டுபிடிக்காது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்ற கணக்கில் ஓடி இன்ஜின் அதிகமாகச் சூடாகும். இரண்டாவதுதான் பெரிய தொல்லை. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஓர் அளவு வரை தண்ணீர் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் கை கோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். டேங்கில் பெட்ரோல் உறிஞ்சுகிற ஃபில்டரும் அடியில்தானே கிடக்கிறது? டூ ஸ்ட்ரோக் மிஷினுக்காக நாம் கலக்கிற 2டி ஆயிலோ மேலே உள்ள பெட்ரோலில் நிற்கிறது. ஆயில் இல்லாத தண்ணிச் சரக்கு உள்ளே போனால், கிளம்பாமல் போனால் அதிர்ஷ்டம். கிளம்பி ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சந்தேகம் உள்ளவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிச் சாடியில் 20 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் 80 மில்லி பெட்ரோல் ஊற்றுங்கள். வாயை மூடி மெதுவாகக் குலுக்கி, மூடியைத் தளர்த்தி ஆவியை விட்டு, சற்று நேரம் வையுங்கள். இரண்டும் தனித்தனியாகப் பிரியும்போது 20-இல் இருந்த தண்ணிக்கோடு 35-க்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். ஏறினது அத்தனையும் எத்தனால். அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள், களத்தில் வைத்துச் செய்யுங்கள். இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, "அப்ப தண்ணி ஊத்தியே பெட்ரோலை அலசிப் போடலாமா சாமி?" என்றார். வேண்டாங்க பெரியப்பா. எத்தனாலோடு ஆக்டேனும், அதாவது இன்ஜினில் தட்டாமல் எரிகிற தரமும், போகும், மிச்சம் மீதித் தண்ணீர் பெட்ரோலிலேயே தங்கும்.

விலை கூடின பெட்ரோல் போட்டால் தப்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். விலை கூடினதாலேயே எத்தனால் இல்லை என்று ஆகாது. ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. நம் சின்ன இன்ஜினுக்கு 91 ஆக்டேனே தாராளம். அதற்கு மேல் கொடுக்கிற காசு இன்ஜினுக்குத் தெரியாது. 100 ஆக்டேன் ரகம் ஒன்று 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. நகரத்துப் பங்குகள் சிலவற்றில்தான் கிடைக்கும், விலை சாதாரணப் பெட்ரோலைவிட ரொம்பவே அதிகம். கிடைத்தால் மேலே சொன்ன சாடிச் சோதனையைச் செய்து பாருங்கள். கோடு ஏறவில்லையென்றால் சீசன் முடிவில் மிஷினுக்குள் விட்டுவைக்க அது நல்ல சரக்கு. தினசரி வெட்டுக்கு அந்தச் செலவு வீண். ஸ்வீடன் பக்கம் இந்த மிஷின்களுக்கென்றே எத்தனால் இல்லாத ஆல்கைலேட் பெட்ரோலை டின்னில் அடைத்து 1980-களிலிருந்து விற்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் வரவில்லை.

ஆகவே நமக்கு வழி ஒன்றுதான்: பெட்ரோலைப் பால் மாதிரி வாங்க வேண்டும். அன்றைக்குத் தேவையானது அன்றைக்கு. அதிகம் போனால் அந்த வாரத்துக்கு. 2டி ஆயில் கலந்த பெட்ரோலுக்குப் பெரும்பாலும் ஒரு மாதம் வரை தவணை சொல்வார்கள். தகரக் கூரைக்கு அடியில், சித்திரை வெயிலில், இ20-க்கு நான் அவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டேன்.

வாங்குவதிலும் ஒரு சிக்கல். பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினால் பங்கில் தர மறுக்கிறார்கள். பலரும் பைக்கில் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு வந்து டியூபைச் செருகி இறக்குகிறார்கள். வாயால் உறிஞ்சி இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு வாய் நுரையீரலுக்குப் போனால் ஆஸ்பத்திரிதான். கையால் அமுக்குகிற பம்பு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1934 பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரத்தில். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்குள், உலோகம் என்றால் 25 லிட்டருக்குள். அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக்கே கிடையாது. தண்ணீர் பாட்டிலில் வைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தோட்டத்தில் தாகத்தோடு வருகிறவன் லேபிளைப் பார்க்க மாட்டான்.

நான் வைத்திருப்பது ரப்பர் வாஷர் வைத்த 5 லிட்டர் இரும்பு கேன். நிரப்பும்போது வண்டிமேல் வைக்காமல் தரையில் வைத்து நிரப்ப வேண்டும், ஸ்டாட்டிக் பொறி பறக்காமல் இருக்க. கழுத்து வரை ஊற்றக் கூடாது. வெயிலில் விரிய இடம் வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் எங்கள் ஊரில் எல்லோரும் தவறுகிற இடம். பூட்டுப் போடலாம் என்பதால் நேராக மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து கிடக்கும். அதே ரூமில் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் இருக்கிறது. பச்சைப் பட்டனை அமுக்கினதும் உள்ளே சிட்டென்று பொறி அடிப்பதை எத்தனை தடவை பார்த்திருப்போம்! மூன்று முனைக் கரண்டு எந்த நேரத்துக்கு வரும் என்று தெரியாமல் ஆட்டோ ஸ்விட்ச் போட்டு வைத்திருப்பவர்கள் கேனைத் தயவுசெய்து அங்கே வைக்காதீர்கள். காற்றோட்டமான, வெயில் படாத, பிள்ளைகள் கைக்கு எட்டாத தனி இடம் பாருங்கள்.

ஆயில் கணக்கு சுருக்கமாக. டூ ஸ்ட்ரோக் மிஷின் என்றால் 1:50-க்கு ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 1:25-க்கு 40 மில்லி. எது என்பதை மேனுவல்தான் சொல்லும். கம்பெனி ஆயில் என்றால் 1:50, வெளி ஆயில் என்றால் 1:25 என்று பிரித்துச் சொல்கிற மிஷினும் உண்டு. பாட்டில் மூடியால் அளப்பதை விட்டுவிட்டு மாட்டு ஆஸ்பத்திரியில் பயன்படுத்துகிற பெரிய ஊசிக்குழாய் ஒன்றை ஆயிலுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் பாட்டிலில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற ஜப்பான் தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். டேங்கில் ஊற்றும் முன் கேனை ஒரு குலுக்குக் குலுக்குங்கள். 2டி ஆயிலுக்குச் சாயம் போட்டிருப்பதே கலந்ததும் கலக்காததும் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான். ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கலப்பு வேலை இல்லை, வெறும் பெட்ரோல்தான். ஆனால் கார்புரேட்டர் அடைப்பு அவர்களுக்கும் அதேதான்.

கடைசி வெட்டு முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிஷினை ஓடவிட்டுத் தானாக நிற்க விடுங்கள். சோக் போட்டு இன்னொரு தடவை கிளப்பி, மிச்சத்தையும் தீர்த்துவிடுங்கள். டயாஃப்ரம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். கிளப்பும் முன் அமுக்குகிற ரப்பர் குமிழான பிரைமர் பல்பில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் டியூபும் போயிருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வடித்த பெட்ரோல் கலக்காததாகவும் புதிதாகவும் இருந்தால் பைக் டேங்கில் ஊற்றித் தீர்த்துவிடலாம். 2டி கலந்ததைப் பைக்கில் ஊற்றாதீர்கள், சைலன்சரில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது. எங்கள் மெக்கானிக் அதை வாங்கி வைத்துக்கொண்டு செயினும் பிளேடு கியரும் கழுவுகிறார். வாய்க்காலில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் அடுத்த தோட்டத்துக்காரன் தொட்டியில் மாடு குடிப்பது.