“டாக்குமெண்ட்டா அனுப்புங்க”

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தை ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் காவலில் இறந்ததைத் தமிழ் ஊடகங்கள் உடனே எழுதின. நாடு முழுவதும் பரவலாகத் திரும்பிப் பார்த்தது, ஒரு பாடகி ஆங்கிலத்தில் பேசிய வீடியோ வைரலான பிறகு. அதில் மிகைப்படுத்தல் இருப்பதாக, வழக்கை விசாரித்த மாநிலப் போலீஸ் பிரிவான சிபிசிஐடி சொன்னதும் அந்த வீடியோ நீக்கப்பட்டது. தந்தையும் மகனும் தரையில் உருண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்ற போலீஸ் எஃப்ஐஆர் வரியை ஆட்டம் காண வைத்தது வேறு பதிவு: அவர்கள் கடைப் பக்கத்து சிசிடிவி. அதில் யாரும் உருளவில்லை.

எந்த ஊரைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சமூக வலைதளக்காரர்கள் பலமுறை சரியாகவே சொல்கிறார்கள். அங்கே நடந்தது என்ன என்பதைச் செய்தி டெஸ்க் தானே தேடித்தான் ஆக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால் முதல் கேள்வி, “எடுத்தது நீங்களா?” சாதாரணமாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னால் அசல் வரும். எடுத்தவர் கையில் முன்னும் பின்னும் எடுத்த துண்டுகளும் இருக்கும். “எனக்கே ஃபார்வர்டுதான் சார்” என்றால், அனுப்பியவரின் எண்ணை வாங்கி ஒவ்வொருவராகப் பின்னால் போக வேண்டும். கடைப் பலகை, பஸ்ஸின் ஊர்ப் பலகை, வண்டி எண் எல்லாம் வைத்து இடத்தைச் சரிபார்ப்பது அதற்குப் பிறகு. 2023 மார்ச்சில், கோவையில் உள்ளூர்க்காரர்கள் அடித்துக்கொண்ட காட்சி, பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சுற்றியது. அந்தப் புரளியைச் சில இந்தி நாளிதழ்களும் அச்சிட்டன. பீகார் அரசு விசாரிக்கக் குழுவே அனுப்பியது.

சிசிடிவி என்றால் ஓரத்தில் ஓடும் நேரத்தை அப்படியே நம்பக் கூடாது. காட்சியைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரின் பேட்டரி போயிருந்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் தவறிவிடும். டிவிஆர் திரையையும் ஒரு கைபேசிக் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுக்கச் சொன்னால் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று தெரிந்துவிடும். அன்றைக்கே பிரதி எடுப்பதும் முக்கியம். சாத்தான்குளம் காவல் நிலையத்தில் 1 டிபி ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார்.

“சமூக வலைதளங்களில் வைரலாகும் வீடியோ” என்று திரையின் கீழே ஓட்டிவிட்டால் பொறுப்பு தீராது. விசாரிக்காத பொய் நம் திரையில் ஓடினால் அது நம் பொய்.

வீடியோ எடுத்தவர் பெயரை கிரெடிட்டாகப் போடுவதற்கு முன்பும் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மறுநாள் காலையில் அதே போலீஸ் ஸ்டேஷன் எதிரில் கடை திறக்கப் போகிறவர் அவர்.