காரைக்குடியில் இலவச சட்ட உதவியோடு குடும்ப வழக்கு நடத்திய அனுபவம்

கணவரோடு வாழ முடியாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கலாம். வழக்குப் போடப் பணம் இல்லை, கோர்ட்டுக்குப் போனால் ஊரில் பேச்சாகும் என்று வருஷக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறார்கள். பள்ளத்தூரில் ஆத்தா வீட்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றி. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண் என்ற ஒரு காரணமே இலவச வக்கீல் கேட்கப் போதும். வருமானச் சான்றிதழ் வேண்டாம். செட்டிநாட்டுப் பெண்களுக்கு இது முக்கியம். வெளியூர்க்காரர்கள் வீட்டின் முகப்பைப் பார்த்துவிட்டு உள்ளே பணம் கொட்டிக் கிடப்பதாக நினைப்பார்கள். வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. எங்கள் பங்குக்கு ஓர் அறை, அவ்வளவுதான். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆத்தாவின் வளையலை அடகு வைத்துக்கொண்டிருந்தோம்.

காரைக்குடியில் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் போனேன். நடந்ததை என் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, ஆதார் நகலை இணைத்துக் கொடுத்தேன். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பிறகு எனக்கென்று ஒரு பெண் வக்கீலை நியமித்தார்கள்.

வக்கீலம்மா உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “விவாகரத்து வேணும்னு வந்தீங்களா, செலவுக்கு வேணும்னு வந்தீங்களா? ரெண்டும் வேற வேற, ஆச்சி.” அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. உறவில் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து வாழ் என்றார்கள், இல்லாவிட்டால் முறித்துவிடு என்றார்கள். பிரிவதா என்பதை முடிவு செய்யாமலே பிள்ளைக்கும் எனக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று சொன்னவர் அவர்தான். யோசித்துவிட்டு வாருங்கள், அவசரம் இல்லை என்று அனுப்பினார்.

அடுத்த முறை போனபோது வழிகளை விளக்கினார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று முன்பு சொல்வார்களே, அது 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு. அதில் ஜீவனாம்சம் மட்டும் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் போனால் ஒரே மனுவில் மாதச் செலவு, சீர் சாமான், பிள்ளை யாரிடம் இருப்பது எல்லாவற்றையும் கேட்கலாம். அடித்தால்தான் வன்முறை என்றில்லை. செலவுக்குத் தராமல் நிறுத்துவதும், பெண்ணின் நகை சாமானை அவளிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் அந்தச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. கணவர் கோயம்புத்தூரில் வேலை பார்த்தாலும் நான் குடியிருக்கும் எல்லையிலேயே மனுப் போடலாம் என்றார். எனக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கியது. இரண்டாவது வழியையே எடுத்தோம்.

சாமான் விஷயத்தில் அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை நான் மறக்கவே மாட்டேன். கல்யாணத்தில் கொடுத்த வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் தேவகோட்டைப் பக்கம் கணவரின் பூர்வீக வீட்டில், எங்களுக்கென்று கொடுத்த அறையில் பூட்டிக் கிடந்தன. சாவி மாமியாரிடம். சீர் கொடுக்கும்போது ஒன்று விடாமல் எழுதி வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. ஆத்தா அந்த நோட்டைப் பெட்டியடியில் பத்திரமாக வைத்திருந்தார். வக்கீலம்மா ஆத்தாவையும் வரச் சொன்னார். மூன்று பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். எது என் வீட்டார் கொடுத்தது, எது மாப்பிள்ளைக்கென்று வைத்தது, எதற்குக் கடை ரசீது இருக்கிறது, எது கல்யாணப் படத்தில் தெரிகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டார். ரசீதும் படமும் இல்லாத பொருளை நோட்டை மட்டும் நம்பி எழுதினால் குறுக்கு விசாரணையில் அடி வாங்கும் என்று எச்சரித்தார். பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் அவளுடைய தனிச் சொத்து, கணவர் வீட்டில் இருப்பதால் அது அவர்களுடையதாகிவிடாது என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் எடுத்துச் சொன்னபோது ஆத்தா அழுதுவிட்டார்.

பாகப்பிரிவினை வழக்குகள் பார்த்த ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருந்தவர் இவர். வீட்டுப் பங்குக்காக வந்த பெண்களின் மற்ற கஷ்டங்களையும் கேட்டுக் கேட்டே குடும்ப வழக்குகளுக்கு வந்தாராம். கட்டணம் வாங்கும் வழக்குகளும் நடத்துகிறார், அதுதான் பிழைப்பு. சட்ட உதவி வழக்குக்கு அரசு தருவது சொற்பம். கட்சிக்காரரிடம் எதுவும் வாங்கக் கூடாது. ஆத்தா ஒருமுறை நன்றிக்கு மணகோலம், சீப்புச் சீடை என்று எங்கள் பக்கத்துப் பலகாரம் கொண்டுபோனபோது, கேஸ் முடியட்டும் ஆத்தா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விடுமுறை நாளில் கிராமங்களில் நடக்கும் சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்கும் போவார். இலவச வக்கீல் ஏனோதானோ என்று நடத்துவார் என்று நினைப்பவர்கள் இவர் என் வழக்குக் கட்டைப் புரட்டிக் குறிப்பெடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

வாய்தாக்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு அதைவிட நெடுநாள் ஆனது. சம்மன் வாங்காமல் இழுத்தார்கள், எதிர்மனுவுக்கு அவகாசம் கேட்டார்கள். அதனால் இறுதி உத்தரவுக்குக் காத்திராமல் இடைக்காலத் தொகை கேட்டு முதலிலேயே மனுப் போட்டிருந்தது பெரிய உதவி.

வருமானமே இல்லை என்று கணவர் தரப்பில் சொன்னார்கள். இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இருக்கிறது. வக்கீலம்மா அதைக் காட்டி வற்புறுத்தினார். சம்பளம் வெளியே வந்தது. எனக்கும் மகளுக்கும் மாதத் தொகை உத்தரவானது, அதுவும் மனுப் போட்ட தேதியிலிருந்து.

சாமான் பிறகு சமரசப் பேச்சில் வந்தது. அறையைத் திறந்து, நோட்டை வைத்துச் சரிபார்த்து, லாரியில் ஏற்றிக்கொண்டோம். வெள்ளியில் சில உருப்படிகள் இல்லை. அவை இன்னும் வழக்கில் இருக்கின்றன. மாதத் தொகையும் நடுவில் ஒருமுறை நின்றது. இப்படித் தராமல் நிறுத்தினால் வேலை கொடுப்பவரே சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி உத்தரவிட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அதற்கும் மனுப் போட்டோம். இப்போது அலுவலகத்திலிருந்து நேராக என் வங்கிக் கணக்குக்குப் பணம் வருகிறது.