முட்டு எத்தனை நாளைக்கு?

"இந்த முட்டு எத்தனை நாளைக்குத் தம்பி?" என்று, சாய்ந்த கிளைக்கு நான் கொடுத்த முட்டுக்காலைக் காட்டிக் கேட்டார் மரத்துக்காரப் பெரியவர். "மரம் இருக்குற வரைக்கும் ஐயா" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

நான் சொன்னது பொய்யில்லை. மரம் நிற்கும்வரை முட்டும் நின்றாக வேண்டும் என்றுதான் சொன்னேன். முட்டு நிற்கும்வரை மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் எடுத்துக்கொண்டார். அது தெரிந்தும் திருத்தவில்லை. கயிறு சுருட்டிக் கிளம்பும் நேரம், களைப்பு. சாக்குகள்தான்.

வேலையில் குறை இல்லை. ஒரே பக்கமாகப் படுத்த பெருங்கிளை. அது தண்டிலிருந்து பிரியும் கவையில் பட்டை உள்ளே மடிந்துபோய், கட்டையும் கட்டையும் ஒட்டவே இல்லை. நுனிப் பாரத்தை மட்டும் குறைத்தோம். உள்தழையை வழித்தால் பாரம் நுனிக்கே போகும், அதனால் அதைத் தொடவில்லை. மொத்தத் தழையில் 10 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொண்டேன். கிழமரத்திடம் அதற்குமேல் எடுப்பது அதன் சாப்பாட்டில் கைவைப்பது. கவைக்கு மேலே, நுனிவரையுள்ள நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில், கிளை பிய்ந்துவிடாமல் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் கேபிள். அடியில் முட்டுக்கால்.

அவர் முதலில் கேட்டது மொட்டையடிக்கச் சொல்லித்தான். மறுத்துவிட்டேன். மொட்டையடித்த இடத்தில் கிளம்பும் புதுக் கிளைகளான போத்துகளுக்கு ஆழமான பிடி கிடையாது, பருத்ததும் பிய்த்துக்கொண்டு விழும் என்று கால்மணி நேரம் விளக்கினேன். அதற்கு நேரம் இருந்தது.

முட்டுக் கொடுப்பதைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். காற்றில் ஆடும் இடத்தில்தான் மரம் பருத்துப் பலம் சேர்க்கும். ஆட்டத்தைக் கட்டிப்போட்டால் அந்த முனைப்பு குறையும். நுனி மட்டும் நீண்டுகொண்டே போகும். ஆக, நாம் கொடுக்கும் முட்டே முட்டின் தேவையை வளர்க்கிறது. ஆண்டுதோறும் பார்க்காத கேபிள், கேபிளே இல்லாததைவிட மோசம் என்றுகூடச் சில நாள் தோன்றும்.

சொல்லியிருந்தால் மரத்தையே எடுத்துவிடச் சொல்லியிருப்பார். அப்படியானால் என் மௌனம்தான் மரத்தைக் காப்பாற்றியதோ? இந்த எண்ணம் ரொம்ப வசதியாக இருப்பதாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகம். சாய்ந்த மரம் தன் சாய்வுக்குத் தானே வேரிலும் கட்டையிலும் ஈடுகட்டியிருக்கும். 'சமநிலை இல்லை' என்பது பல நேரம் நம் கண்ணின் குறை. ஆனால் அந்தக் கவை கண்ணின் குறை இல்லை.

அடுத்த ஆண்டு பார்க்கப் போனேன். கேபிள் தொய்யவில்லை. முட்டுக்காலை ஒட்டி, கிளைக்கு நேர் கீழே, ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் அதை ஓரமாக நகர்த்திவிட்டு மேலே ஏறினேன். இறங்கி வந்தபோது அது பழைய இடத்தில் இருந்தது. பெரியவர் அதில் உட்கார்ந்திருந்தார்.