இரங்கூனும் ரக்கூனும்

எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் மேல் வளைவாகப் படர்ந்திருக்கும் கொடியைத் தாம்பரம் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கினேன். பையில் குத்தியிருந்த அட்டையில் 'சைனீஸ் ஹனிசக்கிள்' என்று எழுதியிருந்தது. அம்மா பார்த்ததும், "இரங்கூன் மல்லிதானே இது? இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?" என்றாள். அட்டை எழுதியவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிடுமா என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு பாக்கி இருந்தது.

அடுத்த ஆண்டு டொரோண்டோவிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணா, நானும் கொல்லைப்புற வேலியில் ஹனிசக்கிள் வைத்திருக்கிறேன். பெல்ஜிகா என்று ஒரு ரகம்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடப் பிறந்தவர்கள் கடல் தாண்டியும் ஒரே கொடியை வளர்க்கிறோமே! அன்று முதல் நான் அவளுக்குத் தோட்டக்கலை ஆலோசகர்; அவள் எனக்கு.

முதல் ஆலோசனை என்னுடையது. "தை பிறந்ததும் யோசிக்காமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடு. புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்ட வெட்டப் பூ." என் கொடி அப்படித்தான். தையில் மொட்டையடித்தால், வெயில் ஏறும்போது கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

சொன்னபடி செய்கிற தங்கை கிடைப்பது அரிது. 2023 பிப்ரவரியில், கொல்லைப்புறமெல்லாம் பனி குவிந்து கிடக்க, மாப்பிள்ளையின் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய் வெட்டியிருக்கிறாள். வீடியோ வேறு அனுப்பினாள். பனிக்கு மேலே நான்கு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. "சபாஷ்" என்று பதில் போட்டேன்.

ஜூன் வந்தது. "அண்ணா, ஒரு பூகூட இல்லை. கீரைக்கட்டு மாதிரி இலை மட்டும் செழித்து நிற்கிறது."

இதற்கெல்லாம் அசருகிற ஆலோசகரா நான்? நம் மாடித்தோட்டக்காரர்களின் கைகண்ட மருந்தைச் சொன்னேன்: தேமோர் கரைசல். மோரும் தேங்காய்ப்பாலும் கலந்து ஒரு வாரம் புளிக்கவிட்டு, தண்ணீரில் விளாவித் தெளித்தால் பூக்காத செடியும் பூக்கும். தங்கை டின் தேங்காய்ப்பாலில் தயாரித்து, கார் நிறுத்தும் கொட்டகையில் மூடி வைத்தாள். ஐந்தாம் நாள் மாப்பிள்ளை காரில் செத்த எலியைத் தேடினாராம். ஏழாம் நாள் மாலை தெளித்தார்கள். அன்று இரவே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்: கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு மூன்று ரக்கூன்கள். அந்த ஊரில் குப்பைத்தொட்டி மூடியைத் திறப்பதில் கைதேர்ந்த ஜென்மங்கள் அவை. கொடியை நக்கி, வேரைத் தோண்டி, மிச்சக் கரைசல் இருந்த வாளியையும் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கின்றன. இரங்கூனுக்குச் சொன்ன வைத்தியம் ரக்கூனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் பதிலுக்குச் சும்மா இருப்பாளா? அக்டோபரில் அழைத்தாள். "குளிர்காலத்துக்கு முன்னால் அடிமரத்தைச் சுற்றி நன்றாக மூடாக்குப் போடு அண்ணா. ஹனிசக்கிளுக்குத் தலை வெயிலில் இருக்கலாம், கால் நிழலில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்." அவள் ஊரில் நியாயமான பேச்சுதான். மண் உறைவதும் இளகுவதுமாக இருந்தால் வேர் கெட்டுவிடும். சென்னையில் மண் எப்போது உறைகிறது என்று நானாவது யோசித்திருக்க வேண்டாமா? சருகு, தேங்காய் மட்டை, வைக்கோல் என்று ஒரு முழ உயரத்துக்கு மெத்தை போட்டேன்.

வடகிழக்குப் பருவமழை அந்த மெத்தையை ஊறப்போட்டது. முதலில் மரவட்டைகள் குடிவந்தன. கோலம் போட வந்த அம்மா துடைப்பத்தின் அடியால் சருகை விலக்க, உள்ளங்கை அகலத்தில் ஒரு தவளை எழும்பி நேராகக் கோலப்பொடி டப்பாவுக்குள் விழுந்தது. வெளியே குதித்தபோது அது வெள்ளைத் தவளை. அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவில் தண்ணீர் ஏறியது. என் மூடாக்கு முழுவதும் மிதந்து போய் எதிர்வீட்டு வாசலில் கரை ஒதுங்கியது. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தேங்காய் மட்டைகளை எண்ணி அடுக்கி என் கேட்டருகே வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் மோசம்.

குட்டு உடைந்தது மறு ஆண்டு ஜூனில். முந்தைய தையில் தங்கை கத்தரியைத் தொடவில்லை; என் மேல் இருந்த கோபம்தான் காரணம். கொடி பூத்துத் தள்ளிவிட்டது. அவள் அனுப்பிய படத்தில் இருந்த பூவுக்கு இரண்டு உதடுகள், மஞ்சளும் ஊதாச் சிவப்பும் கலந்த நிறம். என் கொடியிலோ ஐந்து இதழ். மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் செக்கச் சிவந்துவிடும். அப்போதுதான் தேடிப் படித்தேன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் கொடி கடுக்காய், தான்றிக்காய், மருத மரம் இவற்றின் பங்காளி. இதற்கு முன்பு வைத்திருந்த தாவரவியல் பெயர் 'குவிஸ்குவாலிஸ்'. லத்தீனில் 'யார்? எப்படிப்பட்டது?' என்று பொருளாம். பெயரிலேயே கேள்வி இருந்தும் நான்தான் கேட்கவில்லை.

தங்கையின் ரகம் போன ஆண்டு விட்ட கிளையில்தான் இந்த ஆண்டு பூக்கும். பிப்ரவரியில் வெட்டினால் பூவையே வெட்டுவதாகத்தான் அர்த்தம். பூத்து ஓய்ந்தபின், ஆகஸ்ட் வாக்கில், மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். அதன்பின் விடும் கிளைகள் பனியைத் தாங்கி நின்று அடுத்த ஜூனில் பூக்கும். ஹனிசக்கிளிலேயே சில வகை புதுக் கிளையில் பூப்பவை. அவற்றைக் குளிர்காலக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். எனக்கோ பழைய தைமாதக் கணக்கு. இலை உதிர்ந்த காம்பு முள்ளாக மாறிக் கையைக் கிழிக்கும் என்பதால் இப்போது கையுறை உண்டு. மூடாக்கு வெயில் காலத்தில் மட்டும், அதுவும் அம்மாவின் அனுமதியோடு.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னதும் அம்மா, "இரங்கூன் மல்லி என்று நான் அன்றைக்கே சொன்னேன்" என்றாள். அதுவும் மல்லி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மணி பன்னிரண்டரை, அடக்கிக்கொண்டேன்.

போன வாரம் தங்கை மறுபடி அழைத்தாள். தொட்டியில் 'ஸ்டார் ஜாஸ்மின்' வாங்கியிருக்கிறாளாம், குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொள்வாளாம். "நம் மல்லிகைதானே, அம்மாவிடம் போனைக் கொடு அண்ணா, எப்போது கவாத்து செய்வது என்று கேட்க வேண்டும்."

அது அரளிக் குடும்பம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கார்த்திகை முடியட்டும், இலையெல்லாம் உருவிவிட்டு ஒட்ட வெட்டு..."